நரைத்த கல்

அத்தியாயம் 7

கல்லுக்கு நரை முளைத்திருந்தது.

பஞ்சர் மூன்றடி தள்ளி நின்றுதான் அதைப் பார்த்தான். அவனுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு.

நீளமான மரப்பெட்டி. அதற்குள் கல் உருளைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், ஒரு பிடி கனம். எண்ணெய் தேடிப் போட்ட ஆழ்துளையில், இரண்டு கிலோமீட்டர் அடியிலிருந்து குடைந்து எடுத்த கற்கள். அவற்றில் ஒன்றின் முதுகில் மட்டும் வெள்ளை வெளேரென்று மெல்லிய இழைகள் எழுந்து நின்றன. மூன்று நாள் சவரம் செய்யாத கிழவனின் தாடை போல.

"திங்கக்கிழமை முழுசாத் துடைச்சேன்," என்றார் கிடங்குக்காரர். வெளிச்சமான காலை வேளைதான். ஆனாலும் குரலைத் தாழ்த்தியே பேசினார். "புதன்கிழமை மறுபடி வந்துடுச்சு. நேத்து சாயங்காலம் இன்னொரு தரம் துடைச்சேன். இன்னிக்கு இந்தா, நிக்குது. செத்தவங்களுக்கு முடி வளரும்னு சொல்லுவாங்க. கல்லுக்கு வளருமா சார்?"

"எங்க சித்தப்பாவுக்கு உயிரோட இருக்கறப்பவே வளரலை," என்றான் பஞ்சர்.

யாரும் சிரிக்கவில்லை. அவனுடைய குரலே கிடங்கின் கடைசிச் சுவர்வரை போய், சற்றுத் தாமதித்து, வேறு யாரோ சொன்னதுபோல் திரும்பி வந்தது. அந்த இடம் அப்படி. மூன்று அடுக்கு உயரத்துக்கு இரும்புச் சட்டங்கள், சட்டங்கள் நிறையப் பெட்டிகள், ஒவ்வொரு அடுக்குக்கும் கம்பி வலையால் ஆன நடைபாதை. மூன்றாவது அடுக்கில் நின்று காலடியைப் பார்த்தால் வலைக்குக் கீழே வலை, அதற்கும் கீழே சிமெண்டுத் தரை.

அந்தத் தரையில்தான் பதினேழு நாளுக்கு முன்னால் சோதனைக்கூட ஆய்வாளரின் உடல் கிடந்தது.

நடைபாதையின் விளிம்பில், தள்ளுவண்டியை மேலே ஏற்றுவதற்காகக் கைப்பிடியில் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் குறுக்கே ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தபடி நின்றாள் இறந்தவளின் தங்கை.

நிறுவனத்தின் இயக்குநர் போலீசுக்கு எழுதிக் கொடுத்த கடிதம் சுருக்கமானது. ஆய்வாளர் சோதனை செய்யாமலே பொய்யான எண்களை எழுதிவந்தார், கடைசி ஒரு மாதம் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை, பிடிபட்டதும் ஒப்புக்கொண்டார், அவமானம் தாங்காமல் குதித்துவிட்டார். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது.

தங்கைக்குத் தெரிந்த காரணம் வேறு. அவளுடைய கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. அந்தக் கோபத்தில் அக்கா இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு போனில், "நீ எனக்குச் செத்துட்ட," என்று சொல்லி வைத்துவிட்டாள். வக்கீலம்மாவிடம் வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "யாருக்கும் தண்டனை வாங்கித் தரச் சொல்லலை. அவ குதிச்சாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. குதிச்சிருந்தா, தள்ளினது நான்."

வக்கீலம்மா வக்கீல் இல்லை. எப்போதோ மூன்று மாதம் கறுப்புக் கோட்டுப் போட்டுவிட்டு, பொய் சொல்வதைவிடக் கண்டுபிடிப்பது சுலபம் என்று துப்பறிய வந்தவள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பஞ்சரும் அப்படித்தான். பன்னிரண்டு வருஷம் பஞ்சர் கடை வைத்திருந்து, நாற்பதாவது வயதில் அவளிடம் வந்து சேர்ந்தான். ஆறு நாளாக இருவரும் இந்த வழக்கில் சுற்றியதில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். இன்று காலை கிடங்குக்காரர் தங்கைக்குப் போன் செய்து, "உங்க அக்கா இன்னும் இங்கதாம்மா இருக்காங்க," என்று சொல்லும்வரை.

"தொட்டுப் பாரு," என்றாள் வக்கீலம்மா.

"நானா?"

"நீதான். நான் கண்ணாடி துடைக்கணும்."

பஞ்சர் ஒற்றை விரலை நீட்டினான். இழைகள் பட்டவுடன் பொடிந்தன. விரல் நுனியில் வெள்ளைத் தூள் ஒட்டியது. டயர் வால்வில் காற்று கசிகிறதா என்று விரலை எச்சில் பண்ணித் தடவிப் பழகிய கை அது. அவன் யோசிக்கும் முன்பே விரல் வாய்க்குள் போய்விட்டது.

முகம் மாறியது. "வக்கீலம்மா, இது உப்பு."

"நிச்சயமா?"

"நல்ல உப்பு. பேய் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுது. ரோஷமுள்ள பேய்."

கிடங்குக்காரர் பெட்டியருகே குனிந்தார். தானும் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பயந்த முகத்தில் இப்போது வெட்கம் வந்து உட்கார்ந்தது.

"இருபத்திரண்டு வருஷம் இந்தக் கிடங்குல இருக்கேன். எனக்குத் தோணலையே! சோதனைக்கூடத்துல கல்லை உப்புத் தண்ணில ஊறப்போட்டு, எவ்வளவு குடிச்சிருக்குன்னு ஈரத்தோட எடை போடுவாங்கம்மா. அப்புறம் ரெண்டு பக்கமும் கம்பி வச்சு கரண்ட் விட்டுப் பார்ப்பாங்க. அந்தம்மாவோட வேலையே அதுதான். முடிஞ்சதும் நல்லாக் கழுவி, காயவச்சுத்தான் என்கிட்டத் திருப்பித் தருவாங்க. கழுவலைன்னா உள்ள போன உப்பு, காயக் காய வெளியில வரும்."

"பிறகேன் பேய்னு பயந்தீங்க?"

"இந்தப் பெட்டியை யாரும் எடுக்கவே இல்லையே! பதிவேட்டைப் பாருங்க, மூணு வருஷமாக் கையெழுத்தே கிடையாது. எடுக்காத கல்லு எங்க போய் உப்புத் தண்ணி குடிக்கும்?"

"எடுத்திருக்காங்க. கையெழுத்துப் போடாம."

சங்கிலியருகே இருந்து தங்கை திரும்பினாள். "அப்ப அக்கா வேலை பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாளா? கல்லையே தொடலைன்னு அந்த ஆளு எழுதினது பொய்யா?"

"பொய்தான்," என்றாள் வக்கீலம்மா. "ஆனா அவசரப்படாதீங்க. கடைசி நாள்வரைக்கும் வேலை பார்த்துட்டுக் குதிச்சவங்களும் உண்டு."

தங்கை மறுபடி கீழே பார்க்கத் தொடங்கினாள். பஞ்சருக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. மெல்லப் போய் அவளுக்கும் சங்கிலிக்கும் நடுவில், ஏதோ தற்செயலாக நிற்பவனைப் போல நின்றுகொண்டான். அங்கிருந்து பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

"அது யாரு, பெண் பார்க்கப் போற மாப்பிள்ளை மாதிரி குளிச்சுட்டு உட்கார்ந்திருக்கறது?"

நரைத்த கல்லுக்கு அடுத்த கல். பெட்டியில் மற்ற எல்லாக் கற்கள் மேலும் மூன்று வருஷத்துத் தூசி சாம்பலாகப் படிந்திருக்க, இது மட்டும் பளிச்சென்று இருந்தது. அதன் மேல் மையால் எழுதியிருந்த ஆழக் கணக்கு வெளிறிப்போய்ப் பாதிதான் தெரிந்தது. உடம்பெல்லாம் துளைகள். சிலவற்றில் பட்டாணியே நுழையும்.

"தேன்கூடுன்னு சொல்லுவோம்," என்றார் கிடங்குக்காரர். "இந்த நிறுவனமே இந்தக் கல்லு மேலதான் நிக்குது. இதுல எண்ணெய் இருக்குன்னு சொல்லித்தான் அவர் இயக்குநர் ஆனார். அடுத்த மாசம் பன்னிரண்டு கிணறு தோண்டப் போறாங்க."

வக்கீலம்மா தேன்கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டும் உப்புத் தண்ணில கிடந்திருக்கு. யாரோ ரெண்டையும் திருட்டுத்தனமாத் திருப்பி வச்சிருக்காங்க. இதை மை போற அளவுக்குக் கழுவினவங்க, அதை ஏன் மேலாகத் துடைச்சுட்டு விட்டாங்க? கிடங்குச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"மூணு பேர்கிட்ட. ஒண்ணு அந்தம்மா பாக்கெட்லயே இருந்தது. ஒண்ணு இயக்குநர்கிட்ட. ஒண்ணு..." அவர் நிறுத்தினார்.

"ஒண்ணு உங்க இடுப்புல தொங்குது," என்றான் பஞ்சர். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பதிவேட்டுல எழுதாமக் கல்லைக் கொடுத்தது நீங்க. அந்தம்மா போனதும் வேலைக்குப் பயந்து திருப்பி வச்சதும் நீங்க. வச்ச கல்லு நரைச்சதும் அலறினதும் நீங்க. சொந்த நிழலைப் பார்த்துக் குரைக்கற கதைதானே?"

கிடங்குக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. "நாக்கை நீட்டுடா!"

"என்னது?"

"நீட்டுன்னா நீட்டு!"

தேன்கூட்டை வக்கீலம்மா கையிலிருந்து வாங்கி, பஞ்சரின் நாக்கில் வைத்து எடுத்தார். வெறும் கல். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். பிறகு பெட்டியின் கோடியிலிருந்து இன்னொரு கல்லை எடுத்தார். நரைத்த கல்லின் ஜாதி. துளை என்று ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாத, மொழுமொழுவென்ற பழுப்புக் கல். தூசியைச் சட்டையில் துடைத்து அதையும் நாக்கில் வைத்தார்.

நாக்கு ஒட்டிக்கொண்டது. கிடங்குக்காரர் கல்லை இழுக்க, கல்லோடு நாக்கும், நாக்கோடு பஞ்சரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

"ஆ... ஆ..."

"எச்சிலை உறிஞ்சுது பார்த்தியா? இதுதான் குடிக்கற கல்லு. கண்ணுக்குத் தெரியாத துளைதான். ஆனா ஒண்ணுக்கொண்ணு வழி இருக்கு. தேன்கூடு சும்மா பகட்டு. அறை அறையா இருக்கும், ஒரு அறைக்கும் கதவு கிடையாது. மேல இருக்கற குழியில தண்ணி நிக்கும், உள்ள ஒரு சொட்டு போகாது. தண்ணிக்கு எது வழியோ கரண்டுக்கும் அதுதான் வழி. இந்தக் கட்டடத்துல கல்லைத் தொட்டு வேலை செய்யற எவனைக் கேட்டாலும் சொல்லுவான். நான் கழுவியிருந்தா இதையா கழுவுவேன்?"

பஞ்சர் நாக்கைத் தடவிக்கொண்டான். "குளிக்கற பஞ்சுக்கும் தெர்மாகோலுக்கும் உள்ள வித்தியாசம். ரெண்டும் ஓட்டைதான். ஒண்ணு குடிக்கும், ஒண்ணு மிதக்கும். என்கிட்ட வாயால கேட்டிருந்தாலே சொல்லியிருப்பேனேண்ணே, நாக்கை ஏன்..."

வக்கீலம்மா அவன் பேச்சைக் கேட்கவில்லை. கிடங்குக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அதை மறுபடி சொல்லுங்க."

"எது? நான் கழுவியிருந்தா இதையா கழுவுவேன்னு..."

"போதும்," என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "பஞ்சர், நரைச்சதைப் பையில வை. மூச்சுக்கூடப் படாமப் பத்திரமா. அண்ணே, அடுத்த பெட்டியிலேருந்து இந்த ரெண்டு ஜாதியிலயும் தூசி படிஞ்ச கல்லு ஒவ்வொண்ணு கொடுங்க. பதிவேட்டுல நான் கையெழுத்துப் போடறேன்."

இயக்குநரின் அறை மாடியில், சோதனைக்கூடத்தைத் தாண்டி இருந்தது. சோதனைக்கூடத்தில் ஆய்வாளரின் வெள்ளைக் கோட்டு இன்னும் ஆணியில் தொங்கியது. தோள்பட்டையில் அவளுடைய உடம்பின் வளைவு அப்படியே நின்றது. கடந்து போகும்போது தங்கை அதைத் தொடவில்லை. ஆனால் தொட்டுவிடாமல் இருப்பதற்காக இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டாள். இயக்குநரின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். கதவை வக்கீலம்மா முழுதாகச் சாத்தவில்லை.

இயக்குநர் மரியாதையான மனிதர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார். சுவரில் தேன்கூட்டின் படம், ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மேசையில், அலமாரியில், தரையில், எங்கே பார்த்தாலும் தண்ணீர் பாட்டில்கள்.

"சார், வாய் கொப்பளிக்கணும்," என்றான் பஞ்சர். "காலையிலேருந்து கல்லு சாப்பிட்டிருக்கேன்."

"பாட்டில் இருக்கே, எடுத்துக்குங்க."

"கொப்பளிச்சதை எங்க சார் துப்பறது? அந்தக் கதவு குளியலறைதானே?" பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

உள்ளே வெள்ளைப் பீங்கான் தொட்டி. குழாயின் திருகை இரும்புக் கம்பியால் நாலு சுற்று சுற்றி முறுக்கிக் கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் வால்வோடு வாழ்ந்தவனுக்கு மூடிய குழாயைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கம்பியைப் பிரித்துத் திறந்தான். தண்ணீர் சலசலவென்று கொட்டியது. நல்ல குழாய். ஒரு கசிவு இல்லை.

"மூடு!"

அறையிலிருந்து அலறல் வந்தது. அது ஒரு மேலதிகாரியின் குரலாக இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "மூடுங்க அதை! மூடு!"

மூடிவிட்டு வெளியே வந்தான். இயக்குநர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க. அது... ரிப்பேர். ஒழுகும்."

"ரிப்பேர் ஒண்ணும் இல்லை சார். என்னைவிட நல்லா இருக்கு."

வக்கீலம்மா எதையும் கவனிக்காதவள்போல இரண்டு கற்களையும் மேசைமேல் வைத்தாள். "நாங்க படிக்காதவங்க சார். உங்க கண்டுபிடிப்பைப் பத்தி ஊரே பேசுது. எங்களுக்குப் புரியற மாதிரி ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

புகழ்ச்சிக்கு மயங்காத அதிகாரி எங்கே இருக்கிறார்? கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. தேன்கூட்டைச் சுட்டினார், கையில் எடுக்கவில்லை.

"ரொம்பச் சுலபம். இதுல எத்தனை துளை பாருங்க. பூமிக்குள்ள இந்தத் துளைகள் காலியா இருக்காது. ஒண்ணு உப்புத் தண்ணி, இல்லைன்னா எண்ணெய். உப்புத் தண்ணில கரண்ட் போகும், எண்ணெயில போகாது. ஆழ்துளைக்குள்ள கருவியை இறக்கிக் கரண்ட் விட்டோம். இந்தக் கல் இருக்கற இடத்துல கரண்ட் போகவே இல்லை. அப்ப உள்ள இருக்கறது எண்ணெய்தானே?"

"கதவைத் தட்டினேன், யாரும் பதில் சொல்லலை. அப்ப உள்ள ஊமைதான் குடியிருக்கணும்," என்றான் பஞ்சர்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை சார். புரிஞ்சுதுன்னு சொன்னேன்."

"இந்தப் பழுப்புக் கல்லு?" என்றாள் வக்கீலம்மா.

"அது செத்த கல். துளையே இல்லை. ஒண்ணும் குடிக்காது, ஒண்ணும் தராது."

"அப்ப ஒரு சந்தேகம் சார். ரெண்டையும் ஒரே பாத்திரத்துல உப்புத் தண்ணில ஊறப்போட்டாச்சு. அவசரம், ஒண்ணைக் கழுவத்தான் நேரம் இருக்கு. எதைக் கழுவணும்?"

"இதைத்தான்." யோசிக்கக்கூட இல்லை. தேன்கூட்டைச் சுட்டிய விரல் அங்கேயே நின்றது. "துளையெல்லாம் உப்பு போயிருக்கும். அதை மேலாத் துடைச்சா போதும்."

வக்கீலம்மா தலையசைத்தாள். பஞ்சர் பையைத் திறந்து, பிறந்த குழந்தையை எடுப்பதுபோல இரண்டு கையாலும் எடுத்து, நரைத்த கல்லை மேசைமேல் வைத்தான்.

ஜன்னல் வழியே வந்த வெயிலில் வெள்ளை இழைகள் மினுங்கின. இயக்குநர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பிறகு, பஞ்சர் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். முன்னால் குனிந்தார். இழைகளை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். இன்னொரு தரம் சுரண்டி, இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். மூன்று வருஷம் படத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் முதல் முறையாகக் கல்லைப் பார்த்தார்.

"குடிச்சிருக்கே..." என்றார், தனக்குத் தானே. "இது குடிச்சிருக்கே. அப்ப அவ சொன்னது..."

"என்ன சொன்னாங்க?" என்றாள் வக்கீலம்மா.

அவர் கல்லிலிருந்து கையை இழுத்துக்கொண்டார்.

"ஒரு மாசமாக் கல்லையே தொடாதவங்க, இந்தக் கல்லைப் பத்தி உங்ககிட்ட என்ன சொன்னாங்க? எப்பச் சொன்னாங்க?"

"நான்... அந்தக் கிடங்குக்காரன்..."

"அவர்கிட்டச் சாவி இருக்கு, வாஸ்தவம். ஆனா அவர் கழுவியிருந்தா பழுப்பைக் கழுவியிருப்பார். இறந்துபோன அம்மா வச்சிருந்தா அவங்களும் பழுப்பைத்தான் கழுவியிருப்பாங்க. சோதனை செஞ்சு கண்டுபிடிச்சதே அவங்கதான். மூணு சாவியில ரெண்டு சாவி கல்லு தெரிஞ்சவங்க சாவி. தேன்கூட்டைக் கழுவிட்டுப் பழுப்பைச் சும்மா விடற ஆளு இந்தக் கட்டடத்துல ஒருத்தர்தான். மூணு வருஷத்துக்கு முந்தி அறிக்கையில செஞ்ச தப்பை, பதினேழு நாளைக்கு முந்தி உங்க குளியலறைத் தொட்டியில மறுபடி செஞ்சிருக்கீங்க. கரண்ட் போகாததுக்கு எண்ணெய் காரணம் இல்லை சார். கதவு இல்லை. அவ்வளவுதான்."

கதவு திறந்தது. தங்கை உள்ளே வந்து நின்றாள். அக்காவின் சாயல் அவளுக்கு நிறைய உண்டு போலிருக்கிறது. இயக்குநர் அவளைப் பார்த்ததும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். பேச்சு தானாக வந்தது.

"நான் தள்ளலை. சத்தியமாத் தள்ளலை. ரெண்டு கல்லும் ஈரமாத் தட்டுல வச்சிருந்தா. அதே பெட்டியில இருந்து எடுத்ததுதான்னு காட்டறேன், வாங்கன்னு மேல கூட்டிட்டுப் போனா. சோதனையில அவளுக்குக் கிடைச்ச எண்ணுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். பன்னிரண்டு கிணறு... நான் தட்டைப் பிடுங்கினேன். அவ எட்டினா. நான் பக்கவாட்டுல ஒதுங்கினேன், அவ மறுபடி எட்டினா. வண்டி ஏத்தறதுக்காகச் சங்கிலியைக் கழட்டி வச்சிருந்தா. அது ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை."

"விழுந்ததும் யாரைக் கூப்பிட்டீங்க?"

இயக்குநர் கைக்குட்டையை நாலாக மடித்தார்.

"எவ்வளவு நேரம் கழுவினீங்க?"

இயக்குநரின் கண் குளியலறைக் கதவுக்குப் போய்விட்டு வந்தது. "நாற்பது நிமிஷம்," என்றார். "தண்ணிச் சத்தத்துல வேற எதுவும் கேக்கலை. நான்... கேக்கக் கூடாதுன்னுதான் பெருசாத் திறந்தேன். இப்ப எந்தக் குழாயைத் திறந்தாலும் அந்தச் சத்தத்துக்கு அடியில யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு."

சுற்றிலும் அத்தனை பாட்டில் இருந்தும் பஞ்சருக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றவில்லை.

தங்கை மேசைக்கு அருகே வந்தாள். கத்துவாள் என்று அவன் நினைத்தான். அறைவாள் என்றுகூட நினைத்தான். அறைந்தால் தடுக்கக் கூடாது என்றும் முடிவு செய்துகொண்டான். ஆனால் அவள் கேட்டது மெல்லிய குரலில் ஒரு கேள்வி.

"விழறதுக்கு முந்தி அவ கடைசியா என்ன சொன்னா?"

"கல்லைப் பத்தித்தான்."

"சொன்னதை அப்படியே சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "'கொடுங்க சார், இன்னும் எடை போடலை. காஞ்சுட்டா போட முடியாது'ன்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"முகம் எப்படி இருந்தது? அழுதிருந்தாளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எதையோ மனசுல வச்சுக்கிட்டு இருந்த மாதிரி..."

"இல்லை. கோபம். வேலையில தடங்கல் பண்ணினா வருமே, அந்தக் கோபம். அவளுக்கு அந்த எடைதான் வேணும்."

வக்கீலம்மா மேசைமேல் இருந்த போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தங்கை நரைத்த கல்லுக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னை நினைக்கவே இல்லை," என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "எடை போடணும்னு நின்னிருக்கா. நான் அவ்வளவு பேசினேன், அவ எடை போடணும்னு... நல்லவேளை, வக்கீலம்மா. நல்லவேளை, அவ என்னை நினைக்கவே இல்லை."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. பதினேழு நாளாக, அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று அடக்கி வைத்திருந்த அழுகை. ஒரேயடியாக வந்தது. இயக்குநர் நகரவில்லை. பஞ்சர் வாசற்கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

போலீஸ் நிலையத்தின் எண் வக்கீலம்மாவுக்கு மனப்பாடம். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை எண்ணை அழுத்தவில்லை.